விட்ட வேலையும் மறவாத கையும்

(இரண்டாம் ஆண்டு, இளநிலை விலங்கியல்)



ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போகிறாய் என்று எங்கள் துறை ஆசிரியர் கேட்டபோது, "வலசை போகும் பறவைகள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். குறிப்புகளும் எடுத்து வைத்திருந்தேன். எழுத உட்கார்ந்த இரவில், வேலை முடித்து ஒன்பது மணிக்கு வீடு திரும்பிய என் தாயார், சாப்பாட்டுப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, "இன்னைக்கு முந்நூத்தி நாப்பது பீசு தெச்சேன் கண்ணு" என்றார். அந்த எண்ணை வழக்கம் போல் என் குறிப்பேட்டில் எழுதினேன். எழுதிய பின் பறவைகள் பக்கம் மனம் திரும்பவில்லை. பறவைகள் அடுத்த மலருக்குக் காத்திருக்கட்டும். இக்கட்டுரை, வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஒதுங்கியிருந்த ஒருவர் மீண்டும் அவ்வேலைக்குத் திரும்பும்போது என்ன நிகழ்கிறது என்பதைப் பற்றியது. அவருக்கு எது மறக்கிறது, எது மறப்பதில்லை, சட்டமும் சமூகமும் அவருக்கு என்ன துணை செய்கின்றன என்பதை நானறிந்த அளவில் இங்கே விளக்க முயல்கிறேன்.

இடைவெளி என்பது எது?

ஒருவர் வேலையிலிருந்து ஒதுங்குவதற்குக் காரணங்கள் பல. மகப்பேறு, குழந்தை வளர்ப்பு, படுக்கையில் விழுந்த மாமியாருக்குப் பணிவிடை, தமக்கே வந்த நோய், ஆலை மூடல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். 2020 ஆம் ஆண்டின் கொரோனா பொதுமுடக்கம், ஒதுங்க நினையாதவர்களையும் வீட்டுக்குள் அனுப்பியது.

ஆனால் எல்லா இடைவெளியையும் உலகம் ஒரே தராசில் நிறுப்பதில்லை. ஆண்மகன் ஒருவன் பத்தாண்டு வெளிநாடு போய் வேறு தொழில் செய்துவிட்டு ஊர் திரும்பினால், "நாலு இடம் பார்த்தவன்" என்கிறோம். பெண்ணொருத்தி பத்தாண்டு குழந்தைகளை வளர்த்துக் குடும்பத்தின் வரவு செலவையும் பார்த்துவிட்டுத் திரும்பினால், "இத்தனை நாள் சும்மா இருந்தவள்" என்கிறோம்.

2023 ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற அமெரிக்கப் பேராசிரியை கிளாடியா கோல்டின், பெண்கள் வேலைக்குச் சென்ற 200 ஆண்டு வரலாற்றை ஆராய்ந்தவர். ஒரே தொழிலில் உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இன்று காணப்படும் வருமான வேறுபாட்டின் பெரும்பகுதி, முதல் குழந்தை பிறந்த பிறகே தோன்றுகிறது என்பது அவர் எடுத்துக்காட்டிய உண்மைகளுள் ஒன்று. அமெரிக்கக் கணக்கைக் கொண்டு அவர் கண்டதை எங்கள் தெருவிலும் காணலாம்.

எங்கள் வீட்டுக் கதை

என் தாயார் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர். 2001 ஆம் ஆண்டில், தமது பதினெட்டாம் வயதில், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தார். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுப்பதும், தைத்ததை மடித்து வைப்பதும் கைமடியின் வேலை. பிறகு மிஷினில் உட்கார்ந்து சிங்கர் டெய்லரானார். ஓவர்லாக், பேட்லாக் என்ற மற்ற மிஷின்களை விட்டு, ஊசி நேராக இறங்கும் சாதாரணத் தையல் மிஷினில் தைப்பவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். காலரும் பட்டியும் தைப்பதில் அம்மாவுக்கு நல்ல பெயர். நான் பிறந்த பிறகும், என்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனார். 2013 இல் தம்பி பிறந்தபோது பாட்டி இல்லை. வேலையை விட்டார்.

2024 ஆம் ஆண்டில் நான் இக்கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சேர்ந்து இரண்டு மாதங்கூட ஆகவில்லை. நூல் கிடங்கில் சுமை தூக்கும் என் தந்தையாருக்கு முதுகுத் தண்டில் கோளாறு ஏற்பட்டது. ஆறு மாதம் பாரம் தூக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவுதான். ஆனால் வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் அரசுக் கல்லூரிக் கட்டணம் கிடையாதே. ஓரிரவு நான் சொன்னேன்: "செக்கிங் வேலைக்கு நான் போறேம்மா. காலேஜுக்கு அடுத்த வருஷம் சேர்ந்துக்கலாம்."

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "நீ நின்னா நின்னதுதான் கண்ணு. வீட்டுல நான் ஒருத்தி நின்னது போதும். நான் போறேன்" என்றார்.

அப்போது நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. "பதினோரு வருஷம் ஆச்சே, இப்பப் போய் உன்னால முடியுமா?" என்று கேட்டேன். மறுவாரம் கம்பெனியிலும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். முன்பு வேலை பார்த்ததற்கு ஏதேனும் சீட்டு உண்டா என்றார்கள். பழைய இடம் இருபது மிஷின் கொண்ட சிறிய பட்டறை. பதிவேடே இல்லாத இடம். பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்கு ஒரு துண்டுக் காகிதமும் அம்மாவிடம் இல்லை. ஆகவே நாற்பத்தொன்றாம் வயதில் மறுபடியும் கைமடியாகச் சேர்ந்தார், கைமடிச் சம்பளத்துக்கு.

மறதிக்கும் ஒரு கணக்கு உண்டு

"பத்து வருடம் விட்டுவிட்டால் எல்லாம் மறந்து போகும்" என்பது பொதுவான எண்ணம். இதை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மானிய உளவியலறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ். 1885 இல் வெளியான அவருடைய நூலில் அச்சோதனைகள் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. பொருளற்ற அசைகளை வரிசையாக எழுதி, பிழையின்றி ஒப்பிக்கும் வரை மனப்பாடம் செய்வார். குறிப்பிட்ட காலம் கழித்து அதே வரிசையை மறுபடியும் மனப்பாடம் செய்வார். சோதனை செய்தவரும் அவரே, சோதனைக்கு ஆட்பட்டவரும் அவரே.

அவர் அளந்த முறைதான் வியக்கத்தக்கது. "எத்தனை அசை நினைவிருக்கிறது?" என்று அவர் கேட்கவில்லை. "இரண்டாம் முறை கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது?" என்று கேட்டார். முதன்முறை 20 நிமிடம் ஆகி, இரண்டாம் முறை 12 நிமிடமே ஆனால், மிச்சம் 8 நிமிடம். அதாவது 40 விழுக்காடு. இதற்குச் 'சேமிப்பு' என்று பெயரிட்டார். இருபது நிமிடம் கழித்துச் சேமிப்பு ஏறத்தாழ 58 விழுக்காடு; ஒரு நாள் கழித்து 34 விழுக்காடு; முப்பத்தொரு நாள் கழித்து 21 விழுக்காடு.

இவ்வெண்களைச் சற்று உற்று நோக்குவோம். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. அதன் பிறகு ஒரு மாதம் முழுவதிலும் குறைவது சிறு பகுதியே. மறதி என்பது கூரை மேலிருந்து உருளும் கல்லைப் போல வேகம் கூடிக்கொண்டே போவதன்று. வெந்நீர் ஆறுவதைப் போல முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்வது. மற்றொன்று: ஒப்பிக்கச் சொன்னால் ஓரசையும் வாயில் வராத நிலையிலும் சேமிப்பு இருக்கக்கூடும். "ஒன்றும் நினைவில்லை" என்று ஒருவர் சொல்வதை வைத்து, அவரிடம் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இருவகை நினைவு

எபிங்ஹாஸ் அளந்தது சொற்களை. கைத்தொழிலின் நிலை இதனினும் நம்பிக்கை தருவது. இதை விளக்க, மருத்துவ உலகில் 'எச்.எம்.' என்ற முதலெழுத்துக்களால் அறியப்பட்ட ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கரைக் குறிப்பிட வேண்டும். வலிப்பு நோயைத் தணிக்க 1953 இல், அவரது 27 ஆம் வயதில், மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. அன்று முதல் 2008 இல் இறக்கும் வரை, புதிதாக நிகழ்ந்தவற்றை அவரால் நினைவில் நிறுத்த இயலவில்லை. சற்று முன் பேசியவரையே மீண்டும் புதியவராகப் பார்ப்பார்.

பிரெண்டா மில்னர் என்ற உளவியலறிஞர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு நட்சத்திர உருவத்தின் இரு கோடுகளுக்கிடையே பென்சிலால் வரைய வேண்டும். நாமும் செய்து பார்க்கலாம். கை இடமென்றால் வலம் போகும். மூன்று நாள் பயிற்சியில் எச்.எம். தேர்ச்சி பெற்றார், பிழைகள் நாளுக்கு நாள் குறைந்தன. ஆனால் மூன்றாம் நாளிலும், இப்படி ஒன்றை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை! மனிதருக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிந்திருந்தது.

இதிலிருந்து அறிஞர்கள் கண்டது யாதெனில், நினைவு ஒருவகையன்று. 'சொல்லத் தெரியும்' நினைவு ஒன்று. 'செய்யத் தெரியும்' நினைவு மற்றொன்று. முன்னதற்கு ஹிப்போகேம்பஸ் இன்றியமையாதது. பின்னது சிறுமூளையையும் மூளையின் அடித்தள நரம்பணுத் திரள்களையும் பெரிதும் சார்ந்தது. சிறுவயதில் கற்ற சைக்கிளும் நீச்சலும் முதுமையிலும் கைகொடுப்பது இதனால்தான்.

எங்கள் வீட்டில் இதை நேரிலேயே கண்டேன். காலரை எப்படித் திருப்பி வைத்துத் தைப்பது என்று அம்மாவைக் கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "கையில துணி இருந்தாத்தான் தெரியும்" என்றார். நான் ஒரு பழைய துண்டை எடுத்துக் கொடுத்தேன். விரல்கள் தாமாகவே மடித்தன.

பழக்கமே பகையாகும் இடம்

கை மறக்கவில்லையென்றால் பிறகு என்ன தொல்லை? மிஷின் மாறியிருந்தது.

அம்மா பழகிய காலத்து மிஷின்களில் கிளட்ச் மோட்டார் இருந்தது. சுவிட்சைப் போட்டால், தைத்தாலும் தைக்காவிட்டாலும் மோட்டார் இரைந்து சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை முன்னங்காலால் அழுத்தினால் மிஷின் ஓடும். குதிகாலால் பின்னுக்கு அழுத்தினால் நிற்கும். இன்று பல இடங்களில் சர்வோ மோட்டார் வந்துவிட்டது. பெடலை அழுத்தினால் மட்டுமே அது சுற்றும். சத்தமில்லை, மின்சாரமும் மிச்சம். அதோடு, நூலைத் தானே வெட்டும் அமைப்பும் பல மிஷின்களில் உண்டு. குதிகாலைப் பின்னுக்கு அழுத்துவதுதான் நூலை வெட்டுவதற்கான கட்டளை.

விளைவை நீங்களே ஊகிக்கலாம். சேர்ந்த மூன்றாம் வாரம் மிஷினில் உட்கார இடம் கிடைத்தது. பட்டியின் பாதியில் சற்று நிறுத்த வேண்டி, அம்மா பழைய பழக்கத்தில் குதிகாலை அழுத்தினார். நூல் அறுந்தது. மறுபடி கோத்துத் தைத்தார், மறுபடி அறுந்தது. மேற்பார்வை பார்க்கும் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "அக்கா, இது பழைய மிஷின் மாதிரி இல்லீங்க. காலை எடுத்தாலே நின்னுக்குமுங்க" என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். அந்தப் பையனுக்கு நான் என்றும் நன்றியுடையேன்.

கல்வி உளவியலில் இதனை 'எதிர்மறைப் பயிற்சி மாற்றம்' என்பர். முன்பு கற்றது, இப்போது கற்பதற்கு இடையூறாவது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் தவற்றைப் புதிதாக வந்த பெண் செய்யமாட்டாள்; ஏனெனில் அவளிடம் பழைய பழக்கம் இல்லை. நெடுநாள் திறமையாகத் தைத்தவரே இதைச் செய்வார். ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு, "இந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்றே தோன்றும். திறமையின் அடையாளம், திறமையின்மையின் அடையாளமாக எண்ணப்படுகிறது. திரும்பி வருவோர் பலர் முதல் வாரத்திலேயே மனமொடிந்து நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணமாகலாம் என்று எண்ணுகிறேன்.

கையைக் கேட்குமுன் கண்ணைக் கேள்

மிஷினில் உட்கார்ந்த இரண்டாம் வாரத்தில் மற்றொரு சங்கடம். ஊசியில் நூல் கோக்க அம்மாவுக்கு நேரமாயிற்று. கறுப்புத் துணியில் தையல் கோணிற்று. "கை போயிடுச்சு கண்ணு" என்று அன்றிரவு கண் கலங்கினார். விலங்கியல் மாணவியாகிய எனக்கு அப்போதுதான் கண்ணைப் பற்றிய பாடம் நினைவுக்கு வந்தது. அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது நம் கண்ணின் வில்லை தடிக்க வேண்டும். வயது ஏற ஏற வில்லை நெகிழ்ச்சியை இழந்து விறைக்கிறது. நாற்பதை ஒட்டிய வயதில் பெரும்பாலோருக்கும் கிட்டப் பார்வை மங்கத் தொடங்குகிறது. இதுவே வெள்ளெழுத்து. இது நோயன்று, நரை போல் இயல்பாக வருவது.

அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். சோதித்துப் பார்த்துச் சாதாரணக் கண்ணாடி ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் அம்மா கண்ணாடியோடு ஊசியைப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, காது இவ்வளவு பெருசா!" என்றாராம்.

இது எங்கள் வீட்டு அனுபவம் மட்டுமன்று. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பதும் அதற்கு மேலும் வயதுடைய கொழுந்து பறிக்கும் தொழிலாளரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2018 இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினர்க்கு உடனே வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தார்கள். மற்றவர்க்கு ஆய்வு முடிந்தபின் கொடுத்தார்கள். கண்ணாடி அணிந்தவர்கள் பறித்த கொழுந்து, அணியாதவர்களோடு ஒப்பிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. முப்பது வயதில் வேலையை விட்டு நாற்பதில் திரும்பும் பெண், இடையில் தன் கண் மாறியதை அறியாமல், தன் கைத்திறன் போய்விட்டதென்று கலங்குகிறாள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1961 ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சம்பளத்தோடு 12 வார விடுப்பு அளித்தது. 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்தால், முதல் இரு குழந்தைகளுக்கு அது 26 வாரமாக உயர்ந்தது. விடுப்பில் இருக்கும் காலத்தில் அவளை வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம். திரும்பி வந்த பின், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை, பாலூட்டுவதற்காக நாளொன்றுக்கு இரு இடைவேளை உண்டு. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதிகள் இடம்பெற்றுள்ளன. தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பை 2016 இல் ஒன்பது மாதமாகவும், 2021 இல் ஓராண்டாகவும் உயர்த்தியது.

நல்ல சட்டங்களே. ஆனால் சட்டத்தின் கதவைத் தட்ட ஒரு சாவி வேண்டும். அது பதிவேட்டில் உள்ள பெயர். 2013 இல் என் தாயாருக்கு இச்சட்டப்படி 12 வாரச் சம்பளம் கிடைத்திருக்கலாம். காப்பகம் இருந்திருந்தால் வேலையை விடாமலே இருந்திருக்கலாம். பெயர் எங்கும் எழுதப்படாததால் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே, வருகைப் பதிவேடும் சம்பளச் சீட்டும் ஈ.எஸ்.ஐ. அட்டையும் வெறும் காகிதங்கள் அல்ல. ஒருவர் பின்னொரு நாளில் திரும்பி வருவதற்கான வழித்தடங்கள் அவை.

முன்னே சென்றோர்

படித்த பெண்களுக்கும் இத்துன்பம் உண்டு. இங்கிலாந்தின் முதல் பெண் இயற்பியல் பேராசிரியர், 1971 இல் சர்ரே பல்கலைக்கழகத்தில் அப்பதவியேற்ற டாப்னி ஜாக்சன். அறிவியலில் உயர்பட்டம் பெற்ற பெண்கள், குழந்தை வளர்ப்புக்காக ஒதுங்கிய பின் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்ப வழியின்றி, தம் படிப்புக்குத் தொடர்பில்லாத வேலைகளில் இருப்பது அவரை வருத்தியது. 1985 இல் அவர்களுக்கென ஓர் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கினார். பாதி நேரப் பணி, கூடவே புதியவற்றைக் கற்கப் பயிற்சி என்பது அதன் அமைப்பு. அவர் 1991 இல் மறைந்தார். மறு ஆண்டு அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை அமைந்தது. இன்று ஆண்களும் அவ்வுதவியைப் பெறலாம்.

நம் நாட்டிலும் மைய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை, இடையில் ஆய்வை விட்ட பெண்களுக்காக 2002-03 ஆம் ஆண்டில் பெண் விஞ்ஞானிகள் திட்டத்தைத் தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆய்வு மாணவியருக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு அளித்தன. நம்மில் ஆராய்ச்சி செய்ய விரும்பும் தோழியர் இவற்றை இப்போதே அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே சென்னையைச் சேர்ந்த அ. லலிதாவையும் நினைக்க வேண்டும். 1919 இல் பிறந்த அவருக்குப் பதினைந்தாம் வயதில் மணமாயிற்று; பதினெட்டாம் வயதில், கைக்குழந்தையோடு கணவரை இழந்தார். பாதியில் நின்ற வாழ்வை அவர் கல்வியால் தொடர்ந்தார். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பயின்று, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரானார். ஆண்களுக்கென்றே அச்சிட்டிருந்த பட்டச் சான்றிதழில், ஆண்பாற் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலை எழுதிக் கொடுத்தார்களாம். பின்னர் கல்கத்தாவில் பெரிய மின் நிறுவனத்தில் பணியாற்றி, 1964 இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாட்டிலும் கலந்துகொண்டார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள உற்றார் துணை நின்றதும் இவ்வெற்றிக்கு ஒரு காரணம் என்பதை மறக்கலாகாது.

திரும்பி வருவோர்க்குச் சில குறிப்புகள்

நான் கண்டவற்றையும் படித்தவற்றையும் தொகுத்துச் சொல்வதானால்:

1. முதல் வாரத்தை வைத்து உங்களை மதிப்பிடாதீர்கள். கை பழைய வேகத்தைப் பெறச் சில வாரங்கள் ஆகும்; ஆனால் முதன்முறை ஆன காலம் ஆகாது.

2. எது மாறியிருக்கிறது என்பதை முதல் நாளே கேட்டறியுங்கள். மாறாதவற்றைக் கை பார்த்துக்கொள்ளும்.

3. நாற்பதை நெருங்கியவர்கள் முதலில் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

4. ஒவ்வொரு நாளும் செய்த அளவை எழுதி வையுங்கள். மனம் சோர்ந்திருக்கும் நாளில் எண்கள் உண்மை சொல்லும்.

5. வேலையை விடும்போதே பணிச் சான்று கேட்டு வாங்கி வையுங்கள்.

6. இது வீட்டில் உள்ளோர்க்கு: திரும்புகிறவர் பழைய வீட்டு வேலை முழுவதையும் செய்துகொண்டே புதிய வேலையையும் செய்ய இயலாது. எங்கள் வீட்டில் அப்பா உட்கார்ந்தபடியே காய் நறுக்கினார். தம்பி தண்ணீர் பிடித்தான். சமையல் என் பொறுப்பாயிற்று. முதல் மாதக் குழம்பைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை. அதுவே பெரிய உதவி.

முடிவுரை

என் குறிப்பேட்டில் உள்ள கணக்கைச் சொல்லி முடிக்கிறேன். மிஷினில் உட்கார்ந்த முதல் நாள் அம்மா தைத்தது 90. மூன்றாம் வார முடிவில் ஒரு ஷிப்டுக்கு 190. ஆறாம் வார முடிவில் 300. 2024 அக்டோபரில், தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, டெய்லருக்குரிய முழுச் சம்பளம் கைக்கு வந்தது. இளவயதில் முதன்முதலாக மிஷினில் உட்கார்ந்தபோது, அந்த நிலையை எட்ட அவருக்கு ஆறு மாதம், அதாவது 26 வாரம் ஆயிற்றாம். இம்முறை ஆனது 6 வாரம். எபிங்ஹாஸ் முறைப்படி கணக்கிட்டால் சேமிப்பு 77 விழுக்காடு. ஒருவரை மட்டும் கொண்டு செய்த இதனை ஆய்வு என்று எங்கள் பேராசிரியர்கள் ஏற்கமாட்டார்கள் என்பதை அறிவேன். ஆயினும் "உன்னால முடியுமா?" என்று நான் கேட்ட கேள்விக்கு இது விடை.

இந்த எண்ணை அம்மாவிடம் விளக்கினேன். பதினோரு வருடம் வீட்டில் இருந்தும், நூற்றில் எழுபத்தேழு பங்கு உன்னிடமே இருந்திருக்கிறது அம்மா என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப அந்தப் பதினோரு வருஷத்துல புதுசாக் கத்துக்கிட்டதுக்கு யாரு கண்ணு கணக்குப் போடுவாங்க?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு உடல் தேறி, பாரம் தூக்காத காவல் வேலைக்குப் போகிறார். அம்மாவின் வேலை தொடர்கிறது. நான் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். நான் நிற்கவில்லை. அம்மா கேட்ட கேள்விக்கு மட்டும் என்னிடம் இன்னும் விடையில்லை. இதைப் படிக்கும் பொருளியல் துறைத் தோழர்கள் யாரேனும் அக்கணக்கைப் போட முன்வந்தால், குறிப்பேடு கொடுக்க நான் காத்திருக்கிறேன்.